பேனரின் உள்பக்கம்

தாராவி, மும்பை
12.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று காலை நம் தெருமுனையில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு உறுதியாகத் தெரிய மத்தியானம் ஆயிற்று. அதுவும் உங்கள் ரூம் ஓனர், "சார் குளிக்கிறாரும்மா" என்று சொன்ன பிறகுதான். குளித்து முடித்தும் நீங்கள் கூப்பிடவில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை நம் ஊர்ச் சங்கச் செயலாளர், உங்கள் சித்தப்பா மகன் இசக்கிப்பாண்டி வீட்டில் டி.வி. ஓடியிருக்கிறது. அதில் மாலை போட்ட படமாக நீங்கள். முன்னால் குத்துவிளக்கு, சுற்றி அழுகிற பெண்கள். அவன் பெண்டாட்டி சீரியல் பார்க்கிறவள் இல்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், செய்தி என்று நினைத்துப் போனில் படம் பிடித்துவிட்டாள். அவன் உங்களைக் கூப்பிட்டான், வழக்கம்போல எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டான், நான் தாதரில் கடைக்கு பேக் ஜிப் வாங்கிக்கொண்டிருந்தேன், மணி கேட்கவில்லை. நான் அலறி அடித்துச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டதாக அவனே முடிவு செய்து, பேனருக்குச் சொல்லிவிட்டான்.

"ஏன் இசக்கி, ஒரு வார்த்த விசாரிச்சிட்டுக் கட்டக் கூடாதா?" என்றேன்.

"போன தடவ நம்ம ஆளு செத்ததுக்கு அடுத்த சங்கத்துக்காரன் முந்திக் கட்டிட்டான் மதினி. எவ்வளவு அசிங்கமாப் போச்சு! அண்ணன் விஷயத்துல விடக் கூடாதுன்னுதான்..."

நான் கடை திறக்கப் போனால் ஷட்டருக்கு முன்னால் பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேக் தைக்கிற நம் காரிகர்கள் மெஷின் பக்கமே போகாமல் கை கட்டி நிற்கிறார்கள். பக்கத்துக் கடை ரஷீதா அக்கா எல்லாருக்கும் டீ கொண்டுவந்துவிட்டார். பேனரில் 'திரைப்பட நடிகர் நம்பிராஜன்' என்று ஆள் உயர எழுத்து. எந்தப் படத்திலும் உங்கள் பெயர் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை.

நீங்கள் சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் மகள் மாரிசெல்விக்கு ஐரோலியில் பேசியிருக்கும் இடம் முடிகிற நேரம் இது. பையன் வெங்கடேஷின் அம்மா துக்கம் கேட்டுப் போன் செய்துவிட்டார். வேறு யாரோ நம்பிராஜன் என்று சமாளித்தேன். "அப்பம் அவ்வோள ஒரு தடவ எங்க கண்ணுல காட்டுங்க" என்றார். அதில் தப்புச் சொல்ல முடியுமா? செப்டம்பர் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். அப்பா வந்து தாம்பாளத்தைக் கையில் வாங்காவிட்டால் இந்த இடம் தட்டிப்போகும். மகளுக்கு அந்தப் பையனை மிகவும் பிடித்திருக்கிறது.

பையனின் அப்பாவுக்குச் சினிமாக்காரர்கள் என்றால் ஆகாது. அதனால் நீங்கள் நம் பேக் கம்பெனிக்குச் சென்னையில் சேல்ஸ் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள். தலைக்குச் சாயம் அடிக்க வேண்டாம்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனை எடுக்காதவரும் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
விஜயராணி


சாலிகிராமம், சென்னை
17.8.2024

அன்புள்ள ராணிக்கு,

செத்தவன் எழுதுகிறேன். உனக்கு வந்த சிரமத்துக்கு என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த மாலை போட்ட படம், சீரியல் கதாநாயகியின் செத்துப்போன புருஷன். நிறைய முகங்களை மாலை போட்டுப் பார்த்துவிட்டு என்னை எடுத்தார்கள். சுவரில் தொங்கினாலும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறதாம் என் முகம். பார்க்கிறவர்களுக்குப் பிடித்தால் பழைய கதை காட்டும்போது உயிரோடு வரவைப்பதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

மும்பையில் எனக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள்? லுங்கியும் நெற்றிப் பட்டையும், வாயைத் திறந்தால் "ஐயோ". நம் பாஷையில் நடிக்கலாம் என்று இங்கே வந்தேன். இங்கே, "சார், உங்க தமிழ்ல ஹிந்தி அடிக்குது" என்று சொல்லித் தலைப்பாகை கட்டி அடகுக்கடைச் சேட்டாக உட்கார வைக்கிறார்கள். அங்கே மதராசி, இங்கே சேட்டு. நான் யார் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை.

போனை எடுக்காததற்குக் காரணம் உனக்குத் தெரியும். எடுத்ததும், "என்ன, ரோல் வந்துதா?" என்பாய். வரவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது?

மகள் விசேஷத்துக்கு வராமல் இருப்பேனா? ஆனால் சேல்ஸ் என்று சொன்னாய் பார், அது பொறுக்க முடியவில்லை. உன் கடையில் கட்டிங் போடுகிற நாகூர் மீரான்கூடத் தன் தொழிலைத் தலை நிமிர்ந்து சொல்கிறான். நடிகன் என்று சொல்வதானால் வருகிறேன். இல்லையென்றால் இசக்கிப்பாண்டி கட்டிய பேனரே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
நம்பிராஜன்


தாராவி
22.8.2024

அத்தானுக்கு,

அந்தக் கடைசி வரியை மகள் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எழுதினது நீங்கள், அனுபவிக்கிறது நான்.

உங்கள் தொழிலை நான் மதிக்கவில்லை என்கிறீர்கள். ஹீரோவின் டிரைவராக நடித்தீர்களே, அந்தப் படத்துக்குக் கடையை மூடிவிட்டு எல்லாக் காரிகர்களையும் சயான் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். பாதிப் படத்தில் மீரான், "அக்கா, அண்ணன எங்க காணோம்?" என்றான். "இன்டர்வெலுக்கு அப்புறம் வருவாவ" என்றேன். படம் முடிந்து விளக்கே போட்டுவிட்டார்கள். உங்களை மொத்தமாக வெட்டிவிட்டிருந்தார்கள். ராத்திரி நீங்கள், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, "நல்லா இருந்துச்சு" என்றேன். அன்றைக்கு நடித்தது நான்.

பேனரை இறக்கிவிட்டேன். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், தூர எறிய மனம் வரவில்லை. கூரை ஒழுகுகிறது, அதனால் சரக்கின் மேல் போட்டிருக்கிறேன், எழுத்து உள்பக்கம். இந்த மழைக்கு உங்கள் முகம்தான் ஸ்கூல் பேக்குகளைக் காப்பாற்றுகிறது. ஒரு வழியாகக் கடைக்கு உதவினீர்கள்.

சொன்ன சொல்லை இப்போது என்னால் மாற்ற முடியாது. சாம்பிள் ஒன்று காட்டி சரக்கு வேறு அனுப்பின மாதிரி ஆகிவிடும். வருவீர்களா மாட்டீர்களா, ஒரே வரியில் பதில் போடுங்கள். கதை எழுத வேண்டாம்.

விஜயராணி


சாலிகிராமம்
28.8.2024

ராணி,

வருகிறேன். அப்பா வேஷம், சேல்ஸ் மேனேஜர், ஒரு நாள் ஷூட்டிங். நீயாவது என்னை வெட்டாமல் இரு.

ஜிப், ரன்னர், ரெக்சின், ஃபோம் இதிலெல்லாம் என்னென்ன வகை, எது மட்டம், எது உசத்தி என்று எழுதி அனுப்பு. பாடம் பண்ண வேண்டும்.

நம்பிராஜன்


தாராவி
24.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

திங்கட்கிழமை காலை நீங்கள் ரயில் ஏறிய பிறகு நடந்தவற்றைப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

பையனின் அப்பா உங்களை விடவே மாட்டேன் என்கிறார். ரன்னர் கழன்ற ஜிப்பை எடுத்து, பேசிக்கொண்டே மாட்டி, இழுத்துக் காட்டினீர்களே, அதில் விழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஸ்கூலுக்கு பேக் ஆர்டர் நிஜமாகவே வந்துவிட்டது. "ரேட்டு நான் நம்பிராஜன் சார்ட்டதான் பேசுவேன். உங்களுக்கு மார்க்கெட் அவ்வளவு புடிபடாது" என்று என்னிடமே சொல்கிறார். இந்தக் கடையை ஒற்றை மெஷினில் தொடங்கியவளிடம்! பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் உங்களை ஒரு முழுக் காட்சியாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இந்தத் தடவை மெய்யாகவே சொல்கிறேன். எனக்கு எரிச்சலே அதில்தான். வந்தவர்களை உட்கார வைத்து, காரிகர்களைப் பெயர் சொல்லி விசாரித்து, என்னைக் கேட்டுக்கேட்டுப் பேசின அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கலாம். ஒரு நாள் வந்துவிட்டு வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார். தாம்பாளம் வாங்கும்போது உங்கள் கண் கலங்கியது. "அதும் நடிப்பாம்மா?" என்று மாரிசெல்வி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஸ்கூல் பேக்குக்குக் கலர் பார்க்கச் சம்பந்தியம்மா நேற்று கடைக்கு வந்தார். கொட்டுகிற மழை. மீரான் சரக்கைக் காட்டுகிறேன் என்று ஃபிளெக்ஸை முழுசாகப் புரட்டிப் போட்டுவிட்டான். மாலையும் நீங்களும் 'திரைப்பட நடிகர்' என்ற எழுத்துமாக அந்தம்மாவின் காலடியில்.

"இது என்ன மதினி?"

"ஷீட்டு."

"ஷீட்டுன்னு தெரியுது. அதுல இருக்கது யாரு?"

மீரான் நழுவிவிட்டான். அந்தம்மா குனிந்து, ஒழுகின தண்ணீரைச் சேலைத் தலைப்பால் உங்கள் முகத்திலிருந்து துடைத்தார்.

"அந்தச் சீரியல நானும் பாக்கேன். அன்னைக்கு அவ்வோ வாசல்ல நின்னு சிரிச்சப்பவே எனக்குச் சந்தேகம். நடிகர்னா எங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுதான். ஆனா பொய் சொல்லிக் கல்யாணம் முடிச்சா எனக்கே ஆகாது. நாளைக்குச் சொந்தக்காரவ டி.வி.ல பாத்துட்டுச் சிரிப்பாவ. அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன். கல்யாணப் பத்திரிகைல உள்ளத உள்ளபடி அடிங்க."

"ஆர்டர்?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் புத்தி.

"அது பேக்குக்குக் குடுத்தது. அவ்வோளுக்குக் குடுத்ததா?" என்று சிரித்துவிட்டார்.

ராத்திரி உங்களைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தீர்கள். பேசினதை எழுத்தில் வைக்கிறேன், பிறகு நமக்குள் பேச்சு வரக் கூடாது. பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'திரைப்பட நடிகர் நம்பிராஜன்' என்று அடிப்பது. தை மாதம் கல்யாணம் முடிகிற வரைக்கும் வேறு எந்தச் சீரியலிலும் மாலை போட்ட படத்துக்கு நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கூல் ஆர்டருக்கு ரேட் பேசுவது நான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து, மறுவீடு முடிகிற வரைக்கும் அப்பாவாக இருப்பீர்கள், வேஷம் இல்லாமல். அதற்குப் பிறகு உங்களுக்குச் சாலிகிராமம், எனக்குத் தாராவி. திரும்பி வருவேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், வாருங்கள் என்று நானும் கேட்க மாட்டேன். கூப்பிட்டால் போனை எடுப்பீர்கள். ரோல் வந்துதா என்று நான் கேட்க மாட்டேன். இவ்வளவுக்கும் இரண்டு பேரும் சம்மதம்.

இப்படிக்கு,
விஜயராணி நம்பிராஜன்