மணி கட்டாத எண்ணெய்

மச்சான்,

இன்று காலை படுக்கையறைக்குள் மெந்தால் வாசனை. "யாருக்குத் தலைவலி, தைலம் தேச்சீங்களா?" என்று கேட்டேன். "இந்த வீட்ல தைலமே கெடையாதே" என்றாள் மனைவி. பீரோவைத் திறந்தேன். உன் வெள்ளைக் கோட்டுதான்.

அறுபதுகளில் சிதம்பரத்து ஆராய்ச்சிக் கூடத்தில் நமக்கு ஒரே மேசை. நீ கடலூரிலிருந்து ரயிலில் வருவாய். நெல்லிக்குப்பத்துக்காரனான நான் விடுதியில். உன் வேலை சல்பினிக் எஸ்டர் என்ற சேர்மத்தைச் செய்வது. மெந்தாலையும் பிரிடினையும் ஈதரில் கரைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, கந்தகம் சேர்ந்த சல்பினைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவாய். எஸ்டர் வந்துவிடும், எண்ணெயாக. அதில் இரண்டு வடிவம் கலந்திருக்கும், ஒன்றுதான் படிகமாகும். அது பிரிந்து வராவிட்டால் உனக்கு ஆய்வேடே இல்லை. பொறுமையிழந்து ஒருமுறை காய்ச்சி வடிக்கப் பார்த்தாய். எண்ணெய் கறுத்து, நாறிப்போனது.

அப்புறம் கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாய். அந்தக் கீறலில்தான் முதல் படிக மணி பிடிக்கும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. எனக்குப் பல் கூசும்.

"நிறுத்துடா, காது போவுது."

"ஒரு மணி கட்டட்டும் மச்சான். ஒண்ணு வந்துட்டா மீதியெல்லாம் அதுங்களா வந்துரும்."

ஐப்பசி மழையில் காய்ச்சலோடு ஊருக்குப் போன நீ திரும்பவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று உன் உம்மா இந்தக் கோட்டை என் கையில் கொடுத்தார். "நீ போட்டுக்கப்பா. அவன் வேலைய நீ பாத்துக்க." தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. உன் குடுவை எண்ணெயாகவே இருந்தது. மூடியை எடுத்துக் குனிந்தேன். கம்பி கோட்டுப் பையில்தான் கிடந்தது, நான் தொடவில்லை. ஆனால் சுரண்டும் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் இன்றும் சொல்வேன். எண்ணெய் நடுவே வெள்ளையாய் ஓர் ஊசி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்க வெளுத்து இறுகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அலமாரியிலிருந்த உன் பழைய குடுவைகளும் அப்படியே, மூடி திறக்காதவைகூட.

நம் பேராசிரியர் கோட்டுக் கையைத் தட்டிப் பார்த்தார். "இதுல ஒரு மணி ஒட்டியிருந்திருக்கும்ப்பா. தூசி மாதிரி விழுந்திருக்கும்." மணியே கட்டாதவன் கோட்டில் மணி ஏது? மூடியிருந்த குடுவைக்குள் எப்படிப் போனது? கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டோம்.

பிறகு நான் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் எந்த எண்ணெய் படிகமாகாமல் அடம்பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அந்தக் கோட்டோட வாங்க சார்." போய்ச் சும்மா நிற்பேன். அவ்வளவுதான்.

"இத்தன வருஷமா தொவைக்காம வெச்சிருக்கீங்களே, சலவைக்குப் போடட்டுமா?" என்றாள் மனைவி, பீரோ முன்னால் நின்றபடி. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கைவிட்டேன். உன் கம்பி. பூட்டியிருந்த பீரோவில் கிடந்தும், யாரோ இப்போதுதான் கையிலிருந்து வைத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

பயமாகத்தான் இருக்கிறது மச்சான். உம்மாவிடம் தலையாட்டியவன் நான். வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நீ.