யார் சமைப்பது என்று கேட்டார்கள்

என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன்; மிச்சத்தைப் படித்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். அங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். உங்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் அண்ணன் இரண்டு வார்த்தை பதில் சொல்கிறார்.

ஆஸ்பத்திரி எப்போதும் போலத்தான். எக்ஸ்ரே அறையில் வருகிறவர்களையெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன், பிறகு விடச் சொல்கிறேன். என்னை யாரும் விடச் சொல்லவில்லை. நீங்கள் விமானம் ஏறிய அன்று பிடித்த மூச்சு அப்படியே நிற்கிறது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் மாடிப்படியில் பார்த்து உங்களை விசாரித்தார். ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன். அவர் பைக் மறுபடி மக்கர் பண்ணுகிறதாம். உங்களைத் தவிர யாரையும் அதைத் தொட விடமாட்டாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். வக்கீலம்மா கூப்பிட்டார். உங்கள் விசாவை மறுத்ததை எதிர்த்து நாம் போட்ட மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார்களாம். விசா அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வீடியோ அழைப்பு வரும். இந்த முறை உங்களோடு விடமாட்டார்கள். நாம் எப்படி வாழ்ந்தோம் என்று அத்தையிடமும் உங்கள் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேட்பார்களாம். எல்லார் பதிலும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார். அன்று நம்மைக் கவிழ்த்ததும் அதுதானே.

உங்கள் விசாவைப் புதுப்பிக்கப் போன அன்று நம்மை அடுத்தடுத்த அறைகளில் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வீட்டில் யார் சமைப்பது? அவர்தான் என்றேன் நான். அவள்தான் என்றீர்கள் நீங்கள். நேற்று இரவு சமைத்தது யார்? அதற்கும் என்னைத்தான் காட்டினீர்கள். அந்த இரவு முழுக்க நான் ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்தது அவர்களுக்குத் தெரியும். ஒரு கூரையின் கீழ் வாழாத இரண்டு பேர் விசாவுக்காகப் புருஷன் பெண்டாட்டி வேஷம் போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். புருஷனை அடுப்படில நிக்க வெச்சிருக்கா பாருன்னு நாலு பேர் உன்னைப் பேசிடக் கூடாதுல்ல என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். அந்த நாலு பேர் யார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குப் போகக் கூடாது என்று உங்கள் விசாவிலேயே இருந்தது. மெக்கானிக் கை சும்மா இருக்குமா? சமைத்தீர்கள், துவைத்தீர்கள், என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்தீர்கள். நான்தான் கொடுத்துவைத்தவள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கையெடுத்துக் கும்பிடுகிறேன். அழைப்பு வருவதற்குள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். உங்கள் அண்ணனை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். சிரிப்பார். ஒரு வாரம் சிரித்துவிட்டுப் போகட்டும். வேண்டுமானால் பழியை என் தலையில் போடுங்கள்; ராட்சசி, விரட்டி விரட்டி வேலை வாங்கினாள் என்று சொன்னாலும் சரி. எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். போன மானம் நாளைக்கே பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிடும். விசா இல்லாமல் நீங்கள் வர முடியாது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராட்சசி

* * *

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று போனில், பரவால்ல விடு, பரவால்ல விடு என்று நீங்கள் மட்டும்தான் பேசினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வக்கீலம்மாவிடம் மறுபடி கேட்டேன். இந்த முறை உங்கள் பதில், அத்தை பதில், உங்கள் அண்ணன் பதில் எல்லாம் நான் சொன்னதோடு ஒத்துப்போனதாம். ஆனால் அன்று நீங்கள் சொன்னதும் இன்று சொன்னதும் ஒத்துப்போகவில்லையாம். கேள்வி தெரிந்த பிறகு குடும்பமே பாடம் பண்ணி ஒப்பிக்கிறது என்று எழுதிவிட்டார்கள். இனி மேல்முறையீடு கிடையாது. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடியாமல் நானும் கிளம்ப முடியாது. நீங்கள் வரக் கூடாது, நான் போகக் கூடாது. நடுவில் இந்த வீட்டுக்கு நான் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களைப் பிடித்துத் தள்ளியவள் நான்தான்.

உங்கள் தங்கை எனக்குத் தனியாக போன் பண்ணினாள். நீங்கள் வாய் திறக்காத எல்லாவற்றையும் அவள் சொன்னாள். எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, அங்க நான்தான் சமைச்சேன், அவ துணியை நான்தான் துவைச்சேன் என்று ஆரம்பித்தீர்களாம். உங்கள் அண்ணன் சிரித்தாராம். அத்தை, அவன் பொண்டாட்டிக்குத்தானே செஞ்சான், ஊருக்கா செஞ்சான், நீ வாயை மூடு என்று அவரை அடக்கினாராம். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றபடி அதைக் கேட்டு அழுதேன். நீங்கள் பயந்த அந்த நாலு பேர் நம் வீட்டில் இல்லவே இல்லை. அது தெரியாமல்தான் அன்று எல்லாம் கெட்டது.

அழைப்பின் முடிவில் அந்த அதிகாரி, நீங்கள் திரும்பி வர வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டாராம். டியூட்டி முடிஞ்சு வந்தா அவ தனியாச் சாப்பிட மாட்டா, எதிர்ல ஒருத்தர் உக்காரணும், அதுக்குத்தான் என்றீர்களாம். மொழிபெயர்த்தவருக்கே அது ஒரு பதிலா என்று சந்தேகம் வந்து, இரண்டாம் தடவை கேட்டாராம். அதையேதான் திருப்பிச் சொன்னீர்களாம். போதுமான காரணம் இல்லை என்று தீர்ப்பில் இருக்கிறது.

வீட்டிலேயே முடங்கிக் கிடக்காதீர்கள். பழைய ஒர்க்‌ஷாப்பிலேயே கேட்டுப் பாருங்கள், உங்கள் கையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் அண்ணனிடம் எனக்குக் கோபம் இல்லை என்றும் சொல்லுங்கள்.

தினமும் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் சரி, வீடே கேட்டாலும் சரி. வேலையைப் பற்றிக் கேளுங்கள், உடம்பைப் பற்றிக் கேளுங்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி