கோட்டுப் போட்ட படம்

ஐப்பசி, செவ்வாய். விடிய விடிய மழை.

குஞ்சு, உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுக்கு நடக்கிறது. அரிசி, மா, செத்தல் மிளகாய் வாங்கியாயிற்று. வருகிறவர்களுக்கு உன் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் பெரியப்பாவின் பொறுப்பு. பெரிய பள்ளிக்கூட அதிபர் அல்லவா. உன் வரலாறு என்று எழுதி வந்து வாசித்தார். கொழும்பில் கிராபிக் டிசைன் படித்தது இருக்கிறது. பிரஸ்ஸில் வேலை பார்த்தது இருக்கிறது. டவுனில் நீ நடத்திய டாட்டூக் கடை இல்லை.

"அது எங்கை அத்தான்?"

"பிள்ளை, பச்சை குத்தினவன் எண்டு அச்சடிச்சுக் குடுக்கேலுமோ? சனம் சிரிக்கும்."

சனமாம். தன் மகளுக்கு இணுவிலில் மாப்பிள்ளை பேசுகிறார். அதுதான் விசயம். மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்த என் பிள்ளையைவிட அது பெரிது.

புதன். மழை விட்டது. முதுகு நோ.

புத்தகத்துக்கான படத்தைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் கொண்டு வந்தார்கள். கோட்டும் டையும் போட்டு நீ. தலை உன்னுடையது, உடம்பு எவனுடையதோ. கையில் நீ குத்தியிருந்தது ஒன்றும் தெரியாது. பெரியம்மாவுக்குப் புழுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"பாரடி, எஞ்சினியர் மாதிரி இருக்கிறான்."

மடைச்சி. பிரஸ்ஸில் உன் வேலையே இதுதானே. செத்தவர்களுக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டுவது. சாகும்வரை சாறத்தோடு திரிந்த மனுசனுக்கும் கோட்டு. "காணும் அம்மா, இனி உயிரோடை இருக்கிற ஆக்களிலை படம் கீறப்போறன்" என்று விட்டுவிட்டு வந்தாய். உனக்கே மாட்டிவிட்டார்கள்.

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். சீனி காணாதாம்.

வியாழன். வெயில்.

பஸ்ஸில், புத்தகம் அடிக்கிற நெல்லியடிப் பிரஸ்ஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெட்டையிடம் கோட்டைக் கழற்றச் சொன்னேன். பெயருக்குக் கீழே 'டாட்டூக் கலைஞர்' என்று போடச் சொன்னேன். பயந்துபோய்ப் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தாள். அவர் குரைத்தது எனக்கும் கேட்டது.

"அவளுக்கு விசர். அப்பிடி அடிச்சால் நான் அந்தியேட்டிக்கு வரமாட்டன்."

"வராட்டிச் சோறு மிச்சம்" என்றேன். பெட்டை சிரிப்பை அடக்கினாள்.

என் போனில் இருந்த படத்தைக் கொடுத்தேன். கடை வாசலில் நீ, கையில்லாத பெனியனோடு. பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இடக்கையிலை இந்த டாட்டூ பாதியிலை நிக்குது. வெறும் கோடுதான். என்னெண்டு சொல்லுங்கோ, வடிவா முடிச்சு விடுறன்."

தொடாதே, அப்படியே அடி என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பறவைச் செட்டை மாதிரியும் இருக்கிறது. தென்னோலை மாதிரியும் இருக்கிறது. கொண்டக்டர் காசு கேட்டதும் தெரியவில்லை. நீயே உன் கையில் கீறினது.

என்ன கீறத் தொடங்கினாய், குஞ்சு?