தேனோடு வந்த வெண்கலக் கிண்ணம்

செப். 20, ஞாயிறு
காலையில் தூறல். பள்ளி நாளையும் இல்லையாம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. வெறும் டீ.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பூங்காவனம் என் வெண்கலக் கிண்ணத்தோடு வந்தாள். போன வாரம், பிள்ளை பெற்ற தங்கையைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனாள். கறிக்குழம்பை அதில்தான் ஊற்றிக் கொடுத்திருந்தேன். கைக்குக் கிடைத்தது அது. அம்மா தந்தது. ஒலிப் பாடத்துக்கு நான் வகுப்புக்குக் கொண்டுபோவதும் அதுதான்: விளிம்பை மரக்கட்டையால் தேய்த்தால் பாடும், உள்ளே தண்ணீர் நாலு இடத்தில் நடுங்கித் துளி துளியாகத் துள்ளும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

இப்போது பாதிக்கு மேல் மலைத் தேன். விரலால் சுண்டினேன். டொக்.

அவ்வளவுதான், ஏறிவிட்டது எனக்கு. விரிசல் விட்டிருக்கிறது, எங்கே போட்டாய் என்றேன்.

"எங்கியும் போடல டீச்சர். மாரோட அணைச்சிக்கினுதான் வந்தேன்."

பொய் சொல்லாதே என்றேன். வாசலில் வைத்து, எதிர் வீட்டுக்காரி பார்க்க. உள்ளேயிருந்து இவர், "கிண்ணந்தான, வுடு" என்றார். நான் விடவில்லை. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

செப். 21, திங்கள்
தேனைப் பாட்டிலில் வடித்தேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துச் சுண்டினேன். கணீர். அடங்கவே நேரமானது. மயிரிழை விரிசல் கிடையாது. தண்ணீர் ஊற்றினேன்: சுதி இறங்கியது. தேனைத் திரும்ப ஊற்றினேன்: டொக்.

திரவம் சேர்ந்தால் அந்தப் பாரத்தையும் சுமந்து கிண்ணம் அதிர வேண்டும், ஓசை தாழும். கெட்டியான திரவம் அதிர்வையே விழுங்கிவிடும். போன மாதம் போர்டில் எழுதிப் போட்டவள் நான்தான். பரீட்சையில் கேட்டு மார்க்கும் போட்டேன். த்தூ.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. அதற்குத்தான் தேன். பஸ் இல்லாமல் எப்படி வந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து நடையாம், இவர்தான் சொன்னார். வெட்கமாக இருக்கிறது. தொழுகையிலும் மனம் நிற்கவில்லை.

செப். 23, புதன்
வெயில். வாங்க வேண்டியது: சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய். பஸ் நாளை ஓடலாம் என்கிறார்கள்.

பூங்காவனம் வந்தாள், எப்போதும்போல. தப்பு என்மேல்தான் என்றேன். எதிர் வீட்டுக்காரியையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "போவட்டும் டீச்சர்" என்று பூங்காவனம் சிரித்தாள். மனசு கொஞ்சம் லேசானது.

கிளம்பும்போது அதே கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவளே ஒரு அலுமினியத் தூக்கு கொண்டுவந்திருக்கிறாள். குழம்பை அதில் மாற்றி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, என் முன்னால் கொண்டுவந்து ஒரு தடவை சுண்டினாள். கணீர்.

"நல்லாத்தான கீது, பாத்துக்குங்க டீச்சர்."