வெள்ளிக்கிழமை விருந்து

பான், ஜெர்மனி,
ஞாயிறு காலை

அன்புள்ள சிவகௌரி அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? அத்தானை வெயிலில் சைக்கிள் ஓட விடாதீர்கள். ஃபோனில் கதைத்தால் பக்கத்து அறையில் இருக்கும் தேனுஜாவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் முப்பதாவது கல்யாண நாள். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில் வடை, பாயசம் செய்யலாம் என்று நான் நினைத்திருக்க, மகள் தேனுஜா ஏற்கெனவே ஓர் உணவகத்தில் மேசை பதிந்துவிட்டாள். அந்தலூசியச் சாப்பாடாம், ஸ்பெயினின் தெற்குப் பக்கம். தானும் முதல் தடவைதான் போகிறாளாம். வெள்ளிக்கிழமை நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டோமே என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இருபத்தெட்டு வயதாகியும் தன் கல்யாணப் பேச்சை எடுக்க விடாத பிள்ளை, எங்கள் கல்யாணத்தில் இவ்வளவு அக்கறை காட்டினால் எனக்குச் சந்தேகம் வராதா?

உள்ளே போனால் கூரையில் பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. எங்களுக்கோ அவை கண்ணில் படாத மூலையில் மேசை. கை கழுவ வேண்டும் என்றேன். தேனுஜா யாரையும் கேட்காமல், சமையலறைப் பக்கமாக வளைந்து நேரே கூட்டிக்கொண்டு போனாள். முதல் தடவை வந்தவளுக்கு வழி எப்படித் தெரியும்?

மற்ற மேசைகளுக்கெல்லாம் உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். எங்களுக்குக் கேட்காமலே எல்லாம் வந்தது. குளிர்ந்த தக்காளிச் சூப், தேன் விட்ட கத்தரிக்காய்ப் பொரியல், பிறகு கீரையும் கொண்டைக்கடலையும். மருந்துக்குக்கூட மச்சம் இல்லை. எங்கள் வெள்ளிக்கிழமை விரதம் எந்த ஸ்பானியக்காரனுக்குத் தெரியும், சொல்லுங்கள். இவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. கத்தரிக்காயை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கீரையை வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் இடித்த கறித்தூள், அக்கா! கறிவேப்பிலையை நீங்கள் எப்போதும் கொஞ்சம் கருக வறுப்பீர்கள். நானும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அந்த வாசம் எனக்குத் தெரியாதா? நீங்கள் அனுப்பும் தூள் இந்த வருடம் சீக்கிரம் முடிகிறது என்று இவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். பாவம் மனுசன்.

கடைசியில் சமைத்தவனே வந்து வாழ்த்தினான். சுருட்டை முடி, முப்பது வயது இருக்கும். பாலில் வேகவைத்த இனிப்புச் சோற்றை இரண்டு கையாலும் ஏந்தி, முதலில் எனக்கு முன்னால் வைத்தான். தேனுஜா மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது அவன் யார் என்று கேட்டேன்.

“சமைக்கிற ஆள் அம்மா, எனக்கென்ன தெரியும்?” என்றாள்.

எனக்குக் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட வேறொன்று நெஞ்சை அறுக்கிறது. என் அலுமாரித் தூளைக் கொண்டுபோய் அவனுக்குக் கறி வைக்கப் பழக்கியவளுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயம். என் சினேகிதி செல்லத்தின் மகன் டெனிஸ்டன் ஒரு ஜெர்மன்காரியைக் கட்டியபோது நான் என்னவெல்லாம் கதைத்தேன்! அவ்வளவையும் இவள் பக்கத்தில் இருந்து கேட்டவள்.

அவள் உங்களோடு அடிக்கடி கதைப்பவள். ஒருவேளை உங்களிடம் சொன்னால் ஏசாதீர்கள். எனக்கும் சொல்ல வேண்டாம். அவளே என்னிடம் வந்து சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

அடுத்த முறை தூள் அனுப்பும்போது இரண்டு பொதியாகக் கட்டுங்கள். ஒன்றை அலுமாரியில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுகிறேன். கறிவேப்பிலையை இந்த முறையும் அப்படியே கருக வறுங்கள். சமைக்கிற அந்தப் பிள்ளைக்கு அதுதான் பழக்கம்.

முருகன் எல்லோரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
சந்திரகாந்தி