குத்திய கை திரும்பும் இடம்

கண்ணு செங்கொடிக்கு,

நீ கோபித்துக்கொண்டு கொருக்குப்பேட்டை அத்தை வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. உன் குத்துச்சண்டைப் போட்டிப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட மறுத்ததுதானே காரணம்; அதைத் தவிர வீட்டில் வேறு விசேஷம் இல்லை.

உன் பெயரை நீக்கச் சொல்லத்தான் ராயபுரம் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் உன் தோழி ரூஹி, "பேர அப்பால எடுக்கலாம். செருப்பக் கயட்டிட்டு வா நைனா, மொதல்ல நின்னு காட்டு" என்றாள். துறைமுகத்தில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்த எனக்கு நிற்கத் தெரியாது என்று அங்கேதான் தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் போனேன்; ஒரு வாரம் இடது காலை முன்னே வைத்து நிற்பது மட்டும்தான் பாடம்.

நேற்றுதான் குத்த விட்டாள். குத்திவிட்டு, நீட்டிய கையை ரசித்தபடி நின்றேன். என் மூக்கில் ரூஹியின் குத்து மெல்ல ஒன்று விழுந்தது.

"குத்துன கை ஒடனே தாடைக்கு வந்துடணும் நைனா. செங்கொடி ஒரு நாளும் மறந்ததில்ல."

இரண்டு வருடமாக நீ முக்கியமாகக் கற்றது அடி வாங்காமல் இருப்பதைத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருக்கிறாய். நான் அப்போது கத்திக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் கையெழுத்திட்டு ரூஹியிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வா. போட்டிக்கு நானும் வருகிறேன். கண்ணைத் திறந்து பார்ப்பேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

உன் அப்பா