ஏழாவது கொப்பி

அன்ரி,

இன்று ஆவணக் காப்பகத்தில் சாம்பல்நிறப் பெட்டியைத் திறந்தார்கள். பழைய மாப்பசையின் மணம் வந்தது. பாதேர்ஸ்ட் வீதியைப் பார்த்த உங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு வருடம் என் விரல்களில் ஒட்டியிருந்த மணம். அங்கே வேலைசெய்யும் பெண் பட்டியலில் விரல் வைத்துக் கேட்டாள்: "ஆறுக்குப் பிறகு எட்டு வருகிறதே. ஏழாவது கொப்பி எங்கே?"

"அம்மாதான் எங்கேயாவது தொலைத்திருப்பார்" என்றார் உங்கள் மகள். பக்கத்தில் நின்ற நான் எட்டாவது கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.

உங்களைக் குளிக்கவைத்துச் சமைத்துக் கொடுக்கத்தான் நான் நகரின் மறுகோடியில் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்தேன். கொஞ்ச நாளில் கொப்பிகளும் என் வேலையாகிவிட்டன. போலந்திலிருந்து வந்த உங்கள் அம்மா, தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தபடி யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய பதினொரு நாட்குறிப்புக் கொப்பிகள். கப்பல் டிக்கெட்டும் கலியாண அழைப்பிதழும் பத்திரிகைத் துண்டுகளுமாக உங்கள் அப்பா நிரப்பிய ஒட்டுப் புத்தகங்கள். நான் துருப்பிடித்த பின்களைக் கழற்றிப் பக்கங்களுக்கிடையே மெல்லிய தாள் வைப்பேன். நீங்கள் வாசித்து ஆங்கிலத்தில் சொல்வீர்கள். நினைக்கும்போது அந்த ஆங்கிலம் எனக்கு எங்கள் தமிழாகத்தான் கேட்கிறது.

"அன்ரியாம் அன்ரி. எங்கட குடும்பத்துக்குள்ள நீ எப்ப வந்தனி?" என்று முதல் வாரமே நக்கலடித்தீர்கள். தேத்தண்ணிக்குச் சீனி கூட என்றால் ஓம் என்பேன், குறைவு என்றாலும் ஓம் என்பேன். "சூப்புக்கு உப்புப் போடவே நாங்கள் அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிற ஆக்கள். நீ ஒருக்காவது என்னோட சண்டை பிடியன்." நான் சிரித்துக்கொண்டு பின்களைக் கழற்றினேன். என் அம்மாவின் வயதுள்ள ஒருவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாவது கொப்பியின் நடுவில், உங்கள் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"என்னை வயித்தில வைச்சிருந்த மாசங்கள். அவவுக்கு நான் வேண்டாமாம்." கொப்பியை என் பக்கம் தள்ளினீர்கள். "மகள் இந்தக் கொப்பியைப் பார்க்கக்கூடாது. இல்லாமல் ஆக்கிவிடு."

"ஓம், அன்ரி."

நீங்கள் கண்ணயர்ந்த அரை மணித்தியாலத்துக்குள் செய்து முடித்தேன். தொண்ணூறில் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, வழியில் சோதனை இருக்கும் என்று, இயக்கத்தில் இருந்த தம்பியின் படங்களையும் கடிதங்களையும் அழிக்கச் சொல்லி என் அம்மா ஒரு சொல்தான் சொன்னா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கை அதற்குப் பழகியிருந்தது. கொப்பியைக் கிழித்து, சிங்கில் ஊறவிட்டு, பையில் கட்டி, மாடிக் குடியிருப்பின் குப்பை விழும் குழாயில் போட்டேன்.

வியாழக்கிழமை நான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டீர்கள். "அந்தக் கொப்பியைக் கொண்டா. பாதியிலதானே நிப்பாட்டினனான். நான் பிறந்த பிறகு என்ன எழுதினாவோ. எட்டாவது தொடங்கேக்க எனக்கு நாலு வயசு."

அழித்துவிட்டதைச் சொன்னேன். நெடுநேரம் மேசைத்துணியை நீவிக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே, பிள்ளை."

குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: "கடைசிப் பக்கங்களைப் பார்த்தனியா?"

"இல்லை, அன்ரி."

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களிடம் நான் சொன்ன ஒரே 'இல்லை' அதுதான். அது பொய். வாசிக்கத் தெரியாவிட்டாலும், அடுத்தவரின் நாட்குறிப்பைப் பார்த்தது குற்றம்போல இருந்ததால் சொன்ன பொய். கொப்பியை அழித்தது நான்தான் என்று நாளை உங்கள் மகளிடம் சொல்லிவிடுவேன். அதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லமாட்டேன். உங்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கிழிக்கும்போது பார்த்தேன், அன்ரி. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து சில பக்கங்கள் தள்ளி, மை முடிந்து பென்சில் தொடங்கியது. எழுத்து பெரிதாகிச் சரிந்திருந்தது, ஒரு கையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் எழுதியதுபோல. கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் உங்கள் அம்மா கொப்பியைத் திருப்பி ஓரத்திலும் எழுதியிருந்தா. அதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. ஆனால் வெறும் பக்கம் ஒன்றுகூட இருக்கவில்லை.